அரை நொடி பிந்திய சமையலறை

தார்த்து நகரில் எங்கள் பேட்டைக்கு சூப்பூர் என்று பெயர்.
தெருவெல்லாம் தோட்டம்: உருளைக்கிழங்கு, அவரை, முலாம்பழம்.
நாங்கள் பட்டாணித் தெருவில்,
ஒரு மரவீட்டின் மாடியில்.

அக்டோபரில் கௌபோ தட்டுகளை எண்ண உட்கார்ந்தான்.
எண்ணூற்றுப் பதினேழு படம்.
பாட்டை எண்ணவில்லை,
பயந்துவிட்டான்.

அன்றிலிருந்து ராத்திரிக்கு எட்டுத் தட்டு.
பெட்டி ஒவ்வொன்றாய் வாங்கி, மென்று, துப்பியது.
கீறல் விழுந்தவற்றுக்குப் பற்பசை தடவித் தேய்த்தான்.
வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு
நான் வேலைக்குப் போன காலைகள் உண்டு.

சர்வருக்கு உக்கிராணத்தில் இடம்,
வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே.
அதன் சூட்டில் ஒரு ஜாடி நுரைத்து
மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.
"காற்றோட்டம் போதவில்லை" என்றான்,
ஊறுகாயைப் பற்றி அல்ல.

நடுக்கூடத்தில், கூரை தொட, ஓடு பதித்த கணப்பு.
வைஃபை முழுவதையும் விழுங்கிவிட்டு
ஏப்பம்கூட விடாமல் நின்றது.
ஆகவே கம்பி.
கட்டைச் சுவரைத் துளைத்தபோது
மரத்தூளுக்குப் பின்னால் பாசி உதிர்ந்தது.
இந்த வீட்டைக் கட்டியவன் குளிருக்குப் பயந்து
விரலால் அடைத்த பாசி.
கௌபோ அதில் ஒரு பிடி எடுத்து
கம்பியைச் சுற்றித் திரும்ப அடைத்தான்.
அப்போது மட்டும் அவனைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

சர்வருக்குப் படிப்பு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும்
முகப்பும் கதைச்சுருக்கமும் தானே தேடி ஒட்டும்.
எங்கள் கல்யாண வீடியோவை
வங்கிக் கொள்ளைப் படம் என்று முடிவு கட்டியது.
துப்பாக்கி நீட்டுகிறான் ஒருவன்,
கீழே: பரபரப்பு. பதினாறு வயதுக்கு மேல்.
கௌபோ திருத்தப் போனான்.
விடு, என்றேன், இருக்கட்டும்.

பிப்ரவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஐந்து அறையிலும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு.
கௌபோ கைகளை விரித்துக்கொண்டு நின்றான்,
மழை வரவழைத்தவன் மாதிரி.

எனக்குத்தான் கேட்டது.
பியானோவுக்குச் சுருதி கூட்டிப் பிழைக்கிற காது.
சமையலறை அரை நொடி பின்தங்கியிருந்தது.
படுக்கையறையில் பாடி முடித்த சொல்லை
நான் நடந்துபோய் அடுப்பருகே மறுபடி பிடிக்கலாம்.
முடிந்தது இன்னும் முடியவில்லை அங்கே.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

மூன்று ராத்திரி கைதட்டினான்.
இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு,
நடுவே கைபேசி வைத்து மில்லிநொடி அளந்தான்.
கீழ்வீட்டு ஸால்மே படியேறி வந்து கேட்டாள்:
"யாருக்கு இத்தனை பாராட்டு?"

நான்காம் நாள் சேர்ந்துவிட்டது.
வீடு மொத்தமும் ஒரே வாய்.
எந்தக் கதவைத் திறந்தாலும்
எனக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்தது பாட்டு.
குளியலறையில்கூட.
பின்னால் வர யாருமில்லாத வீடு.

பியானோவில் ஐந்தாம் சுரத்தைச் சுத்தமாய் வைக்க முடியாது.
பன்னிரண்டு தடவை சுத்தமாய் ஏறினால்
கடைசிப் படி கதவுக்கு மேலே போய் முட்டும்.
ஒவ்வொன்றிலும் மயிரிழை திருட வேண்டும்,
கேட்பவருக்குத் தெரியாமல்.
இருபத்தாறு வருஷமாய் நான் செய்வது இந்தத் திருட்டு.

அவன் தூங்கியபின் உக்கிராணத்துக்குப் போனேன்.
ஊறுகாய் வாசனை, பச்சை விளக்கின் சிமிட்டல்.
அமைப்புகளில் சமையலறையைத் தேடி எடுத்தேன்.
அரை நொடி வேண்டாம், அது சண்டை.
நாற்பது மில்லிநொடி.
சேமி.

ஞாயிறு காலை முட்டை கொதித்துக்கொண்டிருக்க
கௌபோ சட்டென்று தலையைச் சாய்த்தான்,
தண்ணீர் புகுந்த காதை உதறுகிறவன் போல.
கூடத்துக்குப் போனான். திரும்பி வந்தான்.
மறுபடி போனான்.
நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், ஓரம் வரைக்கும்.

கீழேயிருந்து ஸால்மே
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டத் தொடங்கினாள்.
தாளத்தில்தான் தட்டினாள்.
எந்த அறையின் தாளம் என்றுதான்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.